புரட்டாசி விரதம் இருந்த பேத்தை

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் மீனும் விரதம் இருக்க வேண்டும். குழம்புக்கு வருகிற மீனைச் சொல்லவில்லை. கூடத்தின் வடகிழக்கு மூலையில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருக்கும் உயிருள்ள மீனைச் சொல்கிறேன். வெளியே சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். அப்புறம் அந்தத் தொட்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீன் என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வெள்ளை உடம்பு, முதுகில் நான்கு கறுப்புப் பட்டை, கூரான மூக்கு, தனித்தனியாகச் சுழலும் இரண்டு கண்கள். பயந்தால் தண்ணீரைக் குடித்துப் பூரி மாதிரி உப்பிவிடும். கடைக்காரர் பஃபர் என்று சொல்லி விற்றார். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த என் மாமனார் கருணாகரன் அதைப் பார்த்தவுடன் முகத்தைச் சுளித்தார்.

“இது பேத்தைல்லா? எங்க ஊர்ல வலையில ஏறுச்சுன்னா கரையில வீசிட்டுப் போவாவ. விசம். இதைப் போயி காசு குடுத்தா வாங்கிட்டு வந்திய?”

வாங்கி வந்தது என் கணவர் பாலகணேஷ். தி. நகரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. வாஸ்து பார்க்க வந்தவர், கூடத்தின் அந்த மூலையில் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தங்கமீனோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். என் கணவரோ செல்போனில் கடல் மீன் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, வைத்தால் உப்புத் தண்ணீர்த் தொட்டிதான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வைத்தார். கொஞ்ச நாள் கொஞ்சினார். அதற்குள் ஆடித் தள்ளுபடி வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தீபாவளி வியாபாரம் வந்தது, தொட்டி என் தலையில் வந்து விழுந்தது.

“நீ வீட்லதானே இருக்க, பூஜா” என்பார். நான் வீட்டில் இருப்பது உண்மைதான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி நாள் முழுக்க வேலை பார்ப்பதும் உண்மைதான். அது மட்டும் இந்த வீட்டில் யார் கண்ணிலும் படாது.

கடல் தொட்டி என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. குழாயில் வருகிற மெட்ரோ தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. சுத்திகரித்த தண்ணீரைப் பிடித்துவைத்து, அதற்கென்று விற்கிற உப்புப் பொடியைக் கரைத்து, உப்பளவு காட்டும் கருவியில் முள் சரியான இடத்துக்கு வரும்வரை கூட்டிக் குறைத்து, அப்புறம்தான் ஊற்ற வேண்டும். சென்னை வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றும். வற்றினால் உப்பு ஏறும். தினமும் பார்த்துப் பார்த்து நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதை எல்லாம் நான் செய்துகொண்டிருக்கும்போது இரண்டு பேர் பக்கத்தில் நின்று யோசனை சொல்வார்கள்.

“உப்புத் தண்ணிதானே வேணும்? அடுக்களையில கல்லுப்பு கெடக்கே, ரெண்டு கை அள்ளிப் போடேன்.” இது என் மாமியார் செண்பகம். நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

“எதுக்கு உப்பு? பெசன்ட் நகர் கடல்ல போயி ரெண்டு குடம் மொண்டுட்டு வந்தா சோலி முடிஞ்சுது.” இது மாமா.

விளக்கம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அதைவிடப் பெரிய தலைவலி அதன் பல். நமக்கு நகம் வளர்வதுபோல இந்த மீனுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். நண்டுக்கால், மட்டி, தலையோடு இறால் என்று ஓடு உள்ளதாக எதையாவது கடித்து நொறுக்கினால்தான் அது தேயும். தேயாவிட்டால் மேலும் கீழும் கிளி மூக்கு மாதிரி வளைந்து வாயை அடைத்துவிடும். இதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, வாஸ்துக்காரரும் சொல்லவில்லை. நான்தான் வீடியோக்களில் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன பயன்? ஓடு போட்டால் கூடம் நாறுகிறது என்று அத்தை ஆடி மாதமே தடை போட்டுவிட்டார். உரித்துக் கழுவிய இறால் மட்டும்தான். அதையும் புரட்டாசி வந்து நிறுத்தியது.

அத்தை ஊரில் இருந்தவரை புரட்டாசி விரதம் இருந்தவர் இல்லை. சென்னைக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம். பிடித்தால் உடும்புப் பிடி. புரட்டாசி பிறக்கும் முன்பே ஃபிரிட்ஜைக் காலி செய்து கழுவினார், கவிச்சிப் பாத்திரங்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினார், ஃபிரீசரில் மீனுக்காக நான் வைத்திருந்த இறால் டப்பாவை வேலைக்கார அம்மாவிடம் தூக்கிக் கொடுத்தார். கடைசியில் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்துக்கொண்டு வந்து தொட்டியின் கண்ணாடியில் ஒரு நாமம் போட்டார். மீன் பாட்டுக்கு நாமத்துக்குப் பின்னால் நீந்திக்கொண்டிருந்தது.

“அத்தை, அது மீன். அதுக்குச் சாப்பாடே கவிச்சிதான்.”

“இந்த வீட்டுக்குள்ள இருக்க உசிரு எதுவா இருந்தாலும் இந்த ஒரு மாசம் சுத்தமாத்தான் இருக்கணும். மாமா இருக்க நிலையில நீ என்னைச் சோதிக்காத.”

அதற்குமேல் நான் பேச முடியாது. மாமாவுக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்துதான் ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் ஆவணியிலேயே சொல்லிவிட்டார். மாமா முதலில் புரட்டாசி முடியட்டும் என்றார். அப்புறம் தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றார். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரை வாசிப்பதுபோல் மூச்சு வாங்குவார். அவர் வாசித்த அளவுக்கு அந்தக் காலண்டரில் எழுத்தே கிடையாது. நான் சதவீதக் கணக்கு சொல்லிப் பார்த்தேன். என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். டாக்டர் கிட்டத்தட்டத் திட்டினார். எல்லாவற்றுக்கும் “பாப்போம்” என்ற ஒரே பதில்தான்.

மீனுக்குக் காய்ந்த உருண்டைத் தீனியைப் போட்டேன். நான் தொட்டிக்குப் பக்கத்தில் போனாலே மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் துள்ளும் மீன் அது. தீனியை ஓடி வந்து முட்டும், கவ்வப் பார்க்கும், வாய் திறக்காது, தீனி கீழே விழும். பல் ஏற்கெனவே உதட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. நாளாக ஆக வயிறு உள்ளே ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. பசியோடு என்னைப் பார்த்துச் சுழலும் அந்தக் கண்ணைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது.

அந்த நாட்களில்தான் மாமா தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். காலையில் காபியோடு உட்காருவார். சாப்பிட்டுவிட்டு வந்தும் உட்காருவார். மீன்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

ஒரு மத்தியானம் சார்ஜரை எடுக்கக் கூடத்துக்கு வந்தபோது அவர் தன் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்தத் தம்பியைப் பற்றி ஒரு கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அவர் வீட்டில் பெரிய நெற்றி வைத்த சிவப்பு மீன் ஒன்று இருந்தது. திண்டிவனம் பக்கத்தில் அவர் கார் உருண்ட அன்று அந்த மீன் செத்து மிதந்ததாம். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வருகிற கண்டத்தை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விடும் என்பது அன்றிலிருந்து இவர்களுக்கு வேதவாக்கு.

“உன் மீன் மாதிரியே இதுவும் போயிரும் போலிருக்கு தம்பி” என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு நிம்மதி. “ஒண்ணும் தின்ன மாட்டேங்கு. நாளுக்கு நாள் மெலியுது. என் கண்டத்தை அது வாங்கிக்கிட்டுது பாத்துக்கோ. அது போச்சுன்னா அப்புறம் எனக்கு எதுக்கு ஆபரேசன்? டாக்டர்ட்ட வேண்டாம்னு சொல்லிருவேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனிதர் இத்தனை நாளும் அங்கே உட்கார்ந்து மீன் சாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மீன் செத்தால் மாமா அறுவைச் சிகிச்சைக்குப் போக மாட்டார். மாமா போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் பார்க்கிற வேலையே அப்படி ஆளை இழந்த குடும்பங்களின் காப்பீட்டு விண்ணப்பங்களைப் படிப்பதுதான்.

முதலில் மாமாவிடமே போனேன். “மாமா, அது பல்லு வளந்ததால சாப்பிட முடியாம கிடக்கு. கண்டமெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“பல்லு ஏன் இப்பப் பாத்து வளரணும்?” என்று கேட்டார். “எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்மா.”

கணவருக்குப் போன் செய்தேன். கடையில் ஒரே இரைச்சல், யாரோ குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். “அப்பா சும்மா சொல்லுவாரு, நீ டென்ஷன் ஆவாத. சீசன் முடியட்டும், நான் பேசுறேன்” என்றார். மீன் விற்ற டில்லிபாபுவுக்குப் போன் செய்தேன். “போனா போவட்டும்கா, புதுசு வந்துகீது, நல்ல ஆக்டிவா கீது, அனுப்பட்டா?” என்றார். அடையாறில் ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்தேன். நாய், பூனை, கிளி மட்டும்தான் பார்ப்பாராம். மீனுக்குப் பல் வெட்ட வேண்டும் என்றதும் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். ஒருத்தருக்கும் என் பேச்சு காதில் ஏறவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டு நன்றாகத் திட்டித் தீர்த்தேன். யாரை என்று கேட்டால், எல்லோரையும்தான்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. அத்தை காலையிலேயே குளித்து, நெற்றியில் சிவப்புக் கோடு இழுத்து, பெருமாளுக்குப் படைக்கப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார். மாவிளக்குக்கு மாவு ஒரு பக்கம் இடித்து வைத்திருந்தது. இந்த நேரத்தில் அடுக்களைக்குள் போய் நண்டு என்ற வார்த்தையைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. எனக்குத் துணிச்சல் வரவில்லை, கோபம்தான் வந்தது. அது போதுமாக இருந்தது.

“அத்தை, அந்த மீன் நாளைக்கோ மறுநாளோ செத்துடும்.”

“பெருமாள் பாத்துக்கிடுவாரு.”

“செத்துட்டா மாமா ஆபரேஷன் பண்ணிக்க மாட்டாராம். கண்டம் அதோட போச்சாம். சின்ன மாமாகிட்ட சொல்லிட்டிருந்தார். என் காதால கேட்டேன்.”

அத்தை கரண்டியை வாணலியில் அப்படியே விட்டார். மாமா ஒவ்வொரு முறை தள்ளிப்போட்டபோதும் அவர்தான் ஒவ்வொரு கோயிலாக ஒவ்வொரு வேண்டுதல் வைத்துக்கொண்டிருந்தார். அவர் செய்த விரதமே மாமாவுக்குச் சாக்காகிக்கொண்டிருக்கிறது என்பதை நான் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

“அவியளா அப்படிச் சொன்னாவ?”

“ஆமா அத்தை.”

அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். “ஆட்டோவைக் கூப்பிடு” என்றார்.

“எங்க அத்தை?”

“மார்க்கெட்டுக்கு. அதுக்கு நண்டு போதுமா, வேற எதுவும் வேணுமா?”

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விற்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டுக்கரை போட்ட புடவையும் நெற்றிக் கோடுமாக அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தபோது எல்லாத் தலையும் திரும்பியது. ஓரத்தில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரிதான் அவளைப் பொன்மணி என்று கூப்பிட்டு எங்களைக் காட்டியிருந்தாள்.

“இன்னாமா, பெருமாள் கோயிலுக்குப் போற வழில தப்பா எறங்கிட்டியா?”

“நண்டு வேணும். சின்னதா” என்றார் அத்தை, கூடையைப் பார்க்காமல்.

“கொழம்புக்கா, வறுவலுக்கா?”

“மீனுக்கு.”

“மீனுக்கு நண்டா?” பொன்மணி பக்கத்துக் கடைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். “புரட்டாசில மனுசங்கோ வாங்காம நானே ஈ ஓட்டிக்கினு கீறேன். இந்தம்மா மீனுக்குத் துன்ன வாங்க வந்துகீது பாரு.”

“வீட்டுல ஒரு உசிரு பட்டினி கெடக்கும்மா. சிரிச்சது போதும், குடு.”

அத்தையின் குரலில் என்ன இருந்ததோ, பொன்மணி அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சின்ன நண்டுகளாகப் பொறுக்கிப் போட்டாள். “கொஞ்சம் மட்டி கீது, அதையும் எடுத்துக்கினு போ” என்று ஒரு கை அள்ளி மேலே போட்டுக் கட்டினாள்.

திரும்பும்போது அத்தை அந்தப் பையை மடியில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். ராயப்பேட்டை சிக்னலில் நின்றபோது நான் மெதுவாகச் சொன்னேன். “அத்தை, பெருமாளுக்குப் படைக்கிற அன்னிக்கு...”

“பெருமாள்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ பேசாம வா.”

நண்டு மட்டும் போதாது, முதலில் பல்லை வெட்ட வேண்டும், அதற்கு மீனை மயக்க வேண்டும் என்பதை ஆட்டோவில்தான் சொன்னேன். தொட்டித் தண்ணீரில் கிராம்புத் தைலத்தைக் கலந்து விட்டால் மயங்கும். அளவு கொஞ்சம் கூடினால் எழுந்திருக்காது. இதை நான் வீடியோவில் பார்த்ததோடு சரி, செய்ததில்லை. அத்தை பயப்படுவார் என்று நினைத்தேன். “கிராம்புத் தைலம் என் பல்வலிக்கு வாங்கினது இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது மாமா தன் நாற்காலியில் இருந்தார். நாங்கள் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் தொட்டித் தண்ணீரை மொண்டு சாப்பாட்டு மேசையில் வைப்பதைப் பார்த்தார். நான் நகம் திருத்தும் சின்னக் குறடைக் கொதிநீரில் போட்டு எடுப்பதையும் பார்த்தார்.

“என்ன செய்யப் போறிய?”

“ஆபரேசன்” என்றார் அத்தை, அவர் முகத்தைப் பார்க்காமலே.

மீனைக் கோப்பையால் ஓரங்கட்டி மொண்டேன். தண்ணீருக்குள்ளேயே உப்பிக்கொண்டது. இருந்த கொஞ்ச சக்தியையும் உப்புவதில் செலவழிக்கிறதே என்று எனக்கு அதன்மேலும் கோபம் வந்தது. அது தணியும்வரை காத்திருந்து முதல் கிண்ணத்தில் விட்டேன். தனியாகக் கலக்கி வைத்திருந்த தைலத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். மீன் ஒரு சுற்று வந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிரப் பார்த்து முடியாமல் கீழே போய்ப் படுத்துவிட்டது. கண்கள் சுழல்வது நின்றது.

மாமா எழுந்து வந்தார். “போயிருச்சா?”

பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. அத்தை பழைய வேட்டித் துணியை நனைத்து, அதற்குள் மீனை எடுத்து, வாய் மட்டும் வெளியே தெரிய இரண்டு விரலால் பிடித்தார். குறடைக் கீழ்ப்பல்லின் நுனியில் வைத்து அழுத்தினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். மேல் பல் வழுக்கிக்கொண்டே இருந்தது. “நிதானமா” என்றார் அத்தை. மூன்றாவது தடவை குறடு பிடித்தது. அதுவும் வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்ன வாய் தெரிந்தது.

அவசரமாக இரண்டாவது கிண்ணத்தில், நல்ல தொட்டித் தண்ணீரில் விட்டோம். மீன் அசையவில்லை. தலைகீழாகத் திரும்பி வயிற்றைக் காட்டியது. செவுள் அடிக்கவில்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். மீனை மட்டும் இல்லை, மாமாவையும் என்று நினைத்தேன்.

அத்தை கையை உள்ளே விட்டு, மீனை நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர் அதன் வாய்க்குள் போகிற மாதிரி மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினார். அது நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதை இப்படிப் பொறுமையாகச் செய்ய எனக்கு வந்திருக்காது.

மாமா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நெற்றியில் வியர்வை. “அசையலியே” என்றார். “செண்பகம், அசையலியே. விட்றாதட்டி. விட்றாத.”

நான் அவரைப் பார்த்தேன். சாகட்டும் என்று உட்கார்ந்திருந்த மனிதர்தான் இப்படிக் கெஞ்சினார். “மாமா, உட்காருங்க” என்று நாற்காலியை இழுத்தேன். அவர் உட்காரவில்லை. கண்ணைக் கிண்ணத்திலிருந்து எடுக்கவும் இல்லை.

முதலில் பக்கத்துத் துடுப்பு ஒன்று துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அப்புறம் செவுள் ஒரு முறை திறந்து மூடியது. அத்தை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். மீன் ஒரு கண்ணைச் சுழற்றி எங்கள் மூன்று பேரையும் பார்த்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அது தானாக நழுவிக் கிண்ணத்தின் ஓரத்துக்குப் போன பிறகுதான் எடுத்தார்.

தொட்டியில் விட்டபின் வெகுநேரம் அது ஒரு கல்லுக்குப் பின்னால் கிடந்தது. நான் ஒரு நண்டுக்காலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். யாரும் எழுந்து போகவில்லை. மீன் மெல்ல வெளியே வந்தது, மூக்கால் ஒரு முறை முட்டியது, பின்வாங்கியது, மறுபடி வந்து கடித்தது. நறுக்கென்று ஓடு உடையும் சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

மாமாவிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது. பாத்தீங்களா மாமா, கண்டமும் இல்ல ஒண்ணும் இல்ல, பல்லு, வெறும் பல்லு என்று ஆரம்பித்து, டாக்டர் சொன்னது, என் வேலையில் நான் பார்ப்பது எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று குளியலறையில் நின்று சேர்த்துவைத்த பேச்சு. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

“மருந்து குடுத்தப்ப அதுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்குமாம்மா?”

“இல்ல மாமா. தூங்கிட்டுத்தான் இருந்தது.”

“அறுக்கும்போது?”

“தெரிஞ்சிருக்காது மாமா.”

அவர் தலையை ஆட்டினார். மீன் அடுத்த வாய் கடித்தது. “அப்படியே முழிப்பு வராம போயிருந்தா?” என்றார்.

என் பேச்சு முழுக்க எங்கோ போய்விட்டது. சதவீதமும் தேதியுமாக இத்தனை நாள் அவரைத் துரத்திக்கொண்டிருந்தோமே, ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்க அவரை விட்டோமா? எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. அத்தையைப் பார்த்தேன்.

அத்தை ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். “அதான் நான் கையில புடிச்சிக்கிட்டே இருந்தேன்லா” என்றார்.

மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். “அங்க உன்னை உள்ள விட மாட்டானுவளே, செண்பகம்.”

“விடாட்டி என்ன? வெளியில கதவைப் புடிச்சிக்கிட்டு நிப்பேன்.”